வாலில் ஒரு சிறு வெட்டு

என் கணவர் மன்னார்க் கரையில் பிறந்தவர். பிடித்த மீனைத் திருப்பிக் கடலில் விடுகிறவனுக்குப் பைத்தியம் என்று சொல்லிச் சிரிக்கிற ஊர் அது. அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் மொன்றியலில் எங்கள் குசினியில் நின்று, நான் மீன்கடையில் வாங்கி வந்த பாரையை விரல்களால் அளந்து பார்த்துவிட்டு, "இது விடவேண்டிய சைஸ்" என்றார்.

"செத்து ஐஸில கிடக்கிறதை எங்கை கொண்டுபோய் விடச் சொல்லுறீங்கள்? பாத்டப்பிலையோ?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. கடைக்காரன் இந்தச் சைஸில் வாங்கி விற்பதே தவறு என்று நான் குழம்பு வைத்து முடிக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது மட்டும் இரண்டு துண்டு கூடவே போட்டுக்கொண்டார்.

கஸ்பேக் கடற்கரைப் பக்கம் வேலைக்குப் போய் வந்த பிறகுதான் அவருக்கு இந்தக் குணம் வந்தது. அதற்கு முன் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்கு உள்ளே கூட்டித் துடைக்கும் வேலை செய்தார். நான் சென்ட் லோரன்டில் மாத்திரைகளைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றேன். ஞாயிறு பின்னேரங்களில் என்னைத் துறைமுகப் பக்கம் கூட்டிப் போவார். பெரிய கப்பல்கள் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்கும். ஆற்றைப் பார்த்தபடி கனநேரம் நிற்பார். "தண்ணி எல்லாம் இருக்கு. மணம்தான் இல்லை," என்பார். எனக்குக் குளிரில் காது விறைத்துவிடும். ஆனாலும் வா போவோம் என்று கூப்பிட மனம் வராது. கடலை விட்டு வந்தவருக்கு அந்த ஆறாவது இருக்கட்டும் என்று நிற்பேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் என்னைக் காண்கிற எவரும் சுகம் கேட்டவுடன் அடுத்ததாக அங்கேதான் வந்து நிற்பார்கள். பூசை முடிந்து கீழே கோப்பி குடிக்கும்போது, "என்ன, ஒண்டும் விசேஷமில்லையோ?" என்று ஒரு கேள்வி வரும். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. கேட்டுவிட்டு, எனக்காக நேர்த்தி வைப்பதாகவும் சொல்வார்கள். நான் பல்லைக் காட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவுவேன்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஒரு குளிர்காலத்தில் என் வயிற்றில் ஒரு பிள்ளை இருந்தது. கண் படும், அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது, உயிர்த்த ஞாயிறுக்குச் சொல்லுவோம் என்று இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தோம். பெரிய விண்டர் ஜாக்கெட் எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருந்தது. பனி கரைவதற்கு முன்பே பிள்ளை போய்விட்டது. ஜாக்கெட்டைக் கழற்றும் காலம் வந்தபோது என்னிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. யாருக்கும் தெரியாமல் வந்ததை யாருக்கும் தெரியாமல் அழுது முடிக்க வேண்டியிருந்தது. அதன்பிறகு இன்னொரு முறை, இன்னும் ஒரே ஒருமுறை என்றுதான் ஒவ்வொரு மாதமும் எனக்குப் போனது.

அந்த ஏக்கத்துக்கு நடுவில்தான் டோர்வலில் ஆட்களைக் குறைத்தார்கள். இவரோடு சேர்ந்து வேலை போனவர்களில் ஒருவர் கஸ்பேக்காரர். அவருடைய தம்பி அங்கே லொப்ஸ்டர் என்கிற சிங்கி இறால் பிடிக்கும் படகு வைத்திருந்தார். சீசனுக்கு ஒரு கை குறைகிறது, வருகிறாயா என்று கேட்டார்கள். இவர் என்னிடம் வந்து அதைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சம்பளம் எவ்வளவு, எங்கே தங்குவது, ஒன்றும் சொல்லவில்லை.

"இஞ்சாரும், அங்கை உப்புத் தண்ணியாம்," என்றார்.

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல நான் என்ன கல்லா? போகச் சொன்னேன். ஏப்ரல் கடைசியில், ஐஸ் விலகியதும், பஸ் ஏறிப் போனார்.

அங்கே கடல் வருடத்தில் பத்துக் கிழமை, அதாவது இரண்டரை மாதம்தான் தொழிலுக்குத் திறந்திருக்கும். அதிலும் ஒரு படகு இத்தனை பொறிக்கூடுதான் இறக்கலாம் என்று கணக்கு. கூட்டில் ஏறியதையெல்லாம் எடுக்கவும் முடியாது. ஒவ்வொன்றையும் அளவுகோல் வைத்துப் பார்த்து, சின்னதைத் திருப்பிப் போடவேண்டும். இதையெல்லாம் இவர் போன் எடுத்துச் சொல்லும்போது நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு இறாலைப் பற்றி அக்கறையில்லை. அந்தக் குரல் கேட்டால் போதும். வீட்டில் ஒரு கோப்பைதான் கழுவக் கிடந்தது. அவருடைய பழைய சேட்டுகளை மணந்து பார்த்தேன். டோர்வலின் சோப்பு மணம்தான் வந்தது. அதற்கும் ஏங்கினேன் என்றால் பாருங்கள்.

இரண்டாம் கிழமையில் ஒருநாள் பின்னேரம் போன் வந்தது.

"படகுக்காரன் என்னைப் போட்டிலயிருந்து இறக்கிப்போட்டான்," என்றார்.

நடந்தது இதுதான். அன்று ஒரு கூட்டில் பெரிய பெண் சிங்கி ஒன்று ஏறியிருக்கிறது. வயிற்றுக்குக் கீழே கரும்பச்சையாய் முட்டை அப்பிக்கிடந்ததாம். இவருடைய கரையில் ஒரு வழக்கம் உண்டு. சீசனில் முதலில் வருகிற சினைச் சிங்கியை விற்க மாட்டார்கள். பிள்ளைக்கு ஆசைப்படுகிற பெண் இருக்கிற வீட்டுக்கு அதைக் கொடுத்துவிடுவார்கள். அவித்துச் சாப்பிட்டால் அவள் வயிறும் நிறையும் என்று ஒரு நம்பிக்கை. அப்படி நிறையாது என்று எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். ஆனாலும் கண்முன்னே அது வந்து கிடந்தபோது இவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஈரச் சாக்கில் சுற்றி, தன்னுடைய வாளிக்குள் போட்டு, மேலே மழைக்கோட்டை மூடிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மொன்றியலுக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று நினைப்பு.

வாளி ஆடியிருக்கிறது. படகுக்காரர் கோட்டைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

முட்டையோடு இருப்பதை எடுப்பது அங்கே பெரிய குற்றம். கரையில் அதிகாரிகள் நின்று பார்ப்பார்கள். பிடிபட்டால் படகுக்காரருக்கு லைசென்ஸே போகலாம். அந்த மனிதர் கத்திய கத்தலில் பக்கத்துப் படகுக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்களாம். இவரிடம் இருந்ததோ விமானம் கூட்டுகிற பிரெஞ்சு. மனைவி, பேபே, இல்லை என்று மூன்று சொல்லைச் சொல்லி, வயிற்றைத் தொட்டுக் காட்டி, வெறுங்கையை விரித்திருக்கிறார். படகுக்காரர் அதோடு கத்துவதை நிறுத்தினார். அந்தச் சிங்கியை எடுத்து, அதன் வால் விசிறியில் சின்னதாக ஒரு முக்கோணம் வெட்டி, தண்ணீரில் விட்டார். கரைக்கு வந்ததும், நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"உங்களுக்கு என்ன விசரே?" என்று நான் போனில் கத்தினேன். "எத்தினை வருசம் கடல் கடல் எண்டு செத்தீங்கள். கிடைச்சதை ஒரு சிங்கிக்காகப் போக்கடிச்சிட்டு நிக்கிறீங்கள்!"

"உமக்கெண்டுதான் எடுத்தனான்," என்றார்.

அதற்குப் பிறகு என்னால் கத்த முடியவில்லை. இவ்வளவு காலமும் நான் ஒருத்திதான் ஏங்குகிறேன் என்று நினைத்திருந்தேன். பிள்ளை போன நாளில் இவர் கண்ணீர் விடவில்லை என்று உள்ளுக்குள் ஒரு கோபமும் வைத்திருந்தேன். சாப்பிட்டீங்களோ என்று மட்டும் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் போன் கார்ட் முடிந்து தொடர்பு அறுந்தது.

இரண்டு நாள் கழித்துப் படகுக்காரர் தன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு இவர் தங்கியிருந்த அறைக்கு வந்தார். டோர்வலில் வேலை செய்த அந்த அண்ணன்தான் இருவருக்கும் நடுவில் நின்று ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். நாளைக்கு விடியப் படகுக்கு வா, ஆனால் இனி வாளிக்கு மூடி போடக்கூடாது என்றாராம். பிறகு அந்த வெட்டைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். அன்று பின்னேரமே இவர் எனக்குப் போன் எடுத்தார். வேலை திரும்பிக் கிடைத்ததை அவசரமாகச் சொல்லி முடித்துவிட்டு, வெட்டுக்கு வந்தார்.

"அது வந்து, முட்டையோட பிடிபட்டதெண்ட அடையாளமாம். வெட்டு இருக்கிறதை எந்தப் போட்டும் எடுக்கேலாது. ஓடு கழட்டினாலும் அந்த வெட்டு லேசில மறையாதாம்."

"பேந்து முட்டை இல்லாமல் பிடிபட்டால்?"

"முட்டை இல்லாட்டியும் விடத்தான் வேணும். ஒருக்கா இருந்தவள் எண்டு தெரிஞ்சால் போதும். ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்."

அவர் வேறு ஏதோ கதைக்குப் போய்விட்டார். நான் அந்த வசனத்திலேயே நின்றுவிட்டேன். ஒருக்கா இருந்தவள். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சிங்கிக்குக் கிடைத்த மரியாதை இந்த மொன்றியலில் எனக்குக் கிடைக்கவில்லையே என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான். ஒரு சிங்கி இறாலைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

ஜூலையில் கடலை மூடினார்கள். இவர் கறுத்து, மெலிந்து, கையெல்லாம் வெட்டுக்காயத்தோடு வந்து சேர்ந்தார். அவருடைய சேட்டுகளின் மணம் மாறியிருந்தது. மன்னாரில் இருந்த தன் தம்பிக்குப் போன் எடுத்து, சீசன் முடிந்தது, இனி அடுத்த வருடம்தான் என்று சொன்னார். அங்கே அப்போது மறுபடியும் சண்டை தொடங்கியிருந்தது. கடற்படை தரும் பாஸ் இருந்தால்தான் படகு இறக்கலாம் என்று வந்து, பிறகு அதுவும் இல்லாமல் போயிருந்தது.

"அங்கையும் நேவியே மூடினவை?" என்று தம்பி கேட்டது எனக்கும் கேட்டது.

"இல்லையடா. இறால் பெருகட்டும் எண்டு மூடினது."

"இறாலுக்காகவோ!" தம்பி வயிறு நோகச் சிரித்தான். பிறகு, "திரும்பத் திறப்பினமோ?" என்று கேட்டான்.

"ஓம். திறப்பினம்."

"எப்ப திறக்கும் எண்டு தெரியுமோ?"

"ஓம்."

அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

இவர் வந்த அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனோம். கீழ் மண்டபத்தில், எனக்காக நேர்த்தி வைக்கிற அதே அக்கா கோப்பியோடு வந்தார். அவர் வந்தால் இவர் மெல்ல நழுவிவிடுவார். அன்றைக்கு நழுவவில்லை, பக்கத்திலேயே நின்றார்.

"என்ன, இவரும் வந்திட்டார். ஒண்டும் விசேஷமில்லையோ?"

"இருந்தது அக்கா," என்றேன். "ஒருக்கா இருந்தது. வயித்திலையே போயிட்டுது."

என் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்களும் திரும்பினார்கள். அக்கா கோப்பியை மேசையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். "எப்பயடி பிள்ளை?" என்று கேட்டார். சொன்னேன். எந்தக் குளிர்காலம், எந்த ஜாக்கெட், எல்லாம் சொன்னேன். பிறகு அந்தக் கேள்வியை அந்த மண்டபத்தில் என்னிடம் யாரும் கேட்கவில்லை.

இன்னொரு முறை எனக்கு வரவே இல்லை. ஆசை மட்டும் போகவில்லை. இப்போதும் பஸ்ஸில் ஒரு பிள்ளை காலாட்டிக்கொண்டு இருந்தால் நான் இறங்கவேண்டிய இடத்தைத் தவற விட்டுவிடுவேன்.

அடுத்த வருடமும் ஐஸ் விலகியதும் இவர் போனார். பிறகு ஒவ்வொரு வருடமும் போனார். சீசன் நாட்களில் பின்னேரம் நான் போனுக்குப் பக்கத்திலேயே இருப்பேன். காற்று, அலை, எத்தனை கூடு தூக்கினார்கள் என்று எல்லாம் சொல்லிவிட்டு, சில நாட்களில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"இண்டைக்கு வால் வெட்டின ஒண்டு வந்தது."

"எப்பிடி இருந்தவள்?"

"நல்லாத்தான் இருந்தவள். முட்டை இல்லை. விட்டிட்டன்."

ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது சீசனோ நாலாவதோ, ஒருநாள் அந்தப் பதில் உடனே வரவில்லை. போனில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன, சொல்லுங்கோவன். எப்பிடி இருந்தவள்?"

"இந்தமுறை முட்டையோட இருந்தவள்," என்றார். "வயிறு முழுக்க."

நான் குசினிக் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

"மெதுவா விட்டனீங்களோ?"

"ஓம். கை தண்ணிக்குள்ள போகுமட்டும் பிடிச்சிருந்துதான் விட்டனான்."