ஈஸ்வரி கையில் ஓடும் கடிகாரம்

முறத்தைத் தூக்குவதற்கு முன்னால் ஈஸ்வரி இடது மணிக்கட்டைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பாள். உள்ளே சத்தம் கேட்டால் ஒரு தலையாட்டல். அப்புறம்தான் சாமை புடைக்கத் தொடங்குவாள். ஜவ்வாது மலையில் இத்தனை பெரிய ஆம்பளை வாட்ச்சைக் கட்டிக்கொண்டு சாமை புடைப்பவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். சங்கிலி கழன்று விழாமலிருக்க அடியில் ஒரு துணிப்பட்டை சுற்றியிருக்கிறாள்.

வாட்ச் முதலில் புருஷன் கோபால்சாமியுடையது. வாணியம்பாடியிலிருந்து புளி வாங்க வரும் ஃபரூக் பாய் பிரியமாகக் கொடுத்தது. பேட்டரி கிடையாது, சாவி கொடுக்க வேண்டாம், கை அசைந்தால் தானே ஓடும் என்று சொல்லித்தான் கொடுத்தார். அங்கேதான் வந்தது வினை. கோபால்சாமி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாரென்றால் கிளாஸைத் தூக்க மட்டும்தான் கை அசையும். வாட்ச் நின்றுவிடும். ரிப்பேர் என்று வாணியம்பாடிக்கு பஸ் ஏறுவார். இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துத் தொங்கி, மலை வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டே போய்ச் சேர்வதற்குள் வாட்ச் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். கடைக்காரர் ஒவைஸ் பார்த்துவிட்டுச் சிரித்தபடி திருப்பிக் கொடுப்பார். வீட்டுக்கு வந்தால் மறுபடி நின்றுவிடும். இந்தக் கூத்து மூன்று தடவை நடந்தது.

"கடைக்காரரைக் கண்டா அதுக்கு பயம்டி. வூட்டுக்கு வந்தா திமிரு பண்ணுது" என்று கழற்றி எறிந்தார்.

"வாட்ச்சு நல்லாத்தான் கீது. கைதான் ரிப்பேரு" என்று ஈஸ்வரி எடுத்துக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அது நிற்கவே இல்லை. ஊரே சிரித்தது. கோபால்சாமி மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது அதற்கு வயதாகிவிட்டது, கொஞ்சம் பின்தங்கி ஓடுகிறது. அந்தச் சமயம் பார்த்துத்தான் ஒவைஸ் கடையில் புதுசு ஒன்று அவள் கண்ணில் பட்டது. பின்பக்கம் கண்ணாடி. கையை ஆட்டினால் உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று சுழன்று வாட்ச்சுக்கு முறுக்கேற்றுவது பளிச்சென்று தெரியும். அன்றிலிருந்து குழாயடியிலும் களத்திலும் அவளுக்கு வேறு பேச்சே கிடையாது.

"உள்ள ஒரு சின்ன மொறம் ஆடுதுடி! நான் பொடைச்சா அதுவும் பொடைக்குது!"

கோபால்சாமிக்கு எரிச்சல். "இருக்குறது ஓடுதுல்ல? சாமைக் காசுல எனக்கு ஒரு போன் வாங்கலாம். இன்னா ஆட்டம் ஒனக்கு?"

"சாமை பொடைச்சது ஆரு?" என்றாள். அவர் டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார்.

ஒருநாள் சாமை விற்ற காசோடு கடைக்குப் போய் நின்றாள். ஒவைஸ் நல்ல மனசோடு யோசனை சொன்னார்: "அக்கா, பேட்டரி வாட்ச்சு பாருங்க. பாதி வெலைதான்."

"அது சும்மா கெடந்தாலும் ஓடும்ங்க பாய். அதுல இன்னா மரியாதை?"

புதுசை வலது கையில் கட்டினாள். பழசு இடது கையில். கடை நடுவில் கால் அகட்டி நின்று, இல்லாத முறத்தைப் பிடித்துப் புடைத்தாள். உமி பறக்க வாயால் ஊதவும் செய்தாள். பக்கத்தில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். புதுசைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், தகடு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள். "இதான் பாய்! இதான் வேணும்!"

"பழசைக் குடுங்கக்கா, வெலையில கழிச்சிக்கறேன்."

அவள் கை தானாகப் பழசை மூடிக்கொண்டது. கொடுக்காவிட்டால் காசு மொத்தமும் இங்கேயே தீரும், பொங்கலுக்குப் புடவை கிடையாது. புடவைக்கும் ஆசைதான். கொஞ்ச நேரம் இரண்டு கையையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு அந்த முகத்தில் ஒரு குறும்பு வந்தது.

"வேணாம்ங்க பாய். இதுக்கு வூட்ல வேலை கீது."

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்த கோபால்சாமி அவளைப் பார்த்து எழுந்தேவிட்டார். "ரெண்டு கையிலயும் வாட்ச்சா? இன்னாடி இது?"

ஈஸ்வரி அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்து, பழசைக் கழற்றி அவர் கையில் கட்டினாள். அந்தக் கையைத் தூக்கித் தன் காதோடு வைத்துக் கேட்டுத் தலையாட்டினாள். பிறகு சாமை நிரம்பிய முறத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.