துரும்பு பொறுக்கிய விரல்கள்

சித்தப்பாவின் வலக்கையை முதலில் கவனித்தவர் சித்திதான். காய்ச்சலின் நான்காம் நாள். மருத்துவமனைப் போர்வையின்மேல் அவருடைய கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் எதையோ கிள்ளிக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தன. எடுப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. கண்கள் திறந்திருந்தும் அவர் எங்களைப் பார்க்கவில்லை. "காலையிலேர்ந்து இப்படித்தான் பொறுக்கிக்கிட்டே இருக்காக. நர்ஸைக் கூப்பிடட்டுமாய்யா?" என்று சித்தி எழுந்தார். சித்தியின் தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். "மச்சான் ஆசுபத்திரிக்கு வந்தும் களத்தை விடல மாப்ள. அம்புட்டு வைக்கலையும் அள்ளாம எந்திரிக்க மாட்டாரு."

அந்தச் சிரிப்பு எனக்கு மேடை போட்டுக் கொடுத்தது. அன்று மாலைக் கல்லூரிப் பேச்சுப் போட்டிக்காக அரிய ஆங்கில மருத்துவச் சொற்களின் வேர்களைத் திரட்டி வைத்திருந்தேன். எழுந்து நின்று, குரலை உயர்த்திச் சொன்னேன்: இதன் பெயர் கார்ஃபாலஜி. கிரேக்கத்தில் கார்ஃபோஸ் என்றால் காய்ந்த துரும்பு. லெகெய்ன் என்றால் பொறுக்குதல். பக்கத்துக் கட்டில்காரரும் தலையைத் திருப்பிக் கேட்டார்.

"இதுக்குப் பேரே இருக்கா?" என்றார் சித்தி.

"ரெண்டாயிரம் வருசமா இருக்கு சித்தி."

"பேரு இருந்தா மருந்தும் இருக்கும்ல," என்று அவர் மீண்டும் உட்கார்ந்துவிட்டார். நர்ஸை யாரும் அழைக்கவில்லை.

அகராதியில் அந்த வேர்களுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. சாவை நெருங்கும் நோயாளிகளிடம் காணப்படும் அறிகுறி என்பது அதன் பொருள். பேச்சின் ஓட்டத்தைக் கெடுக்கும் என்று அதைக் குறிப்பில் சேர்க்காமல் விட்டிருந்தேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். சித்தி உட்கார்ந்த அந்தக் கணத்திலேயே அது நினைவுக்கு வந்தது. சித்தியின் முகத்தில் இருந்த வியப்பை இழக்க மனமில்லாமல் சொல்லாது விட்டேன்.

மாலையில் முதல் பரிசு. கேடயத்தோடு திரும்பியபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். கை எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று மருத்துவர் கேட்டார். "காலையிலேர்ந்து, டாக்டர். எங்க புள்ள அதுக்குப் பேரெல்லாம் சொன்னானே," என்று சித்தி என்னைப் பெருமையோடு காட்டினார். மருத்துவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரைக்குள் போனார். மறுநாள் மதியம் சித்தப்பாவின் உடலை எங்கள் ஊரான விளாங்குடிக்குக் கொண்டுபோனோம். காலையிலேயே நர்ஸை அழைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் இன்றுவரை எவரிடமும் கேட்டதில்லை.

சென்ற வாரம் சித்தி தம் ஸ்கேன் அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பினார். அதில் நீளமான ஒரு சொல். உடனே அழைப்பும் வந்தது. "இதுக்கு அர்த்தம் சொல்லுய்யா. நீ சொன்னாப் போதும், டாக்டரை அப்புறம் பாத்துக்கலாம்."

அந்தச் சொல்லின் வேர்கள் எனக்குத் தெரியும்.

"செருப்பைப் போட்டுக்கிட்டு வாசலுக்கு வாங்க சித்தி," என்றேன். "வண்டியை எடுத்துட்டு வாரேன்."