புத்தகத்துக்காக இறக்கிய மாதா

எங்கள் ஊரில் ஒருவன் வீட்டைப் போட்டோ எடுத்தால் அந்த வீட்டுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று அர்த்தம். பேங்க்காரன் எடுப்பான், புரோக்கர் எடுப்பான், சாலையை அகலப்படுத்த அளக்க வருகிறவர்கள் எடுப்பார்கள். அழகாக இருக்கிறதே என்று யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை. அதனால், மில்லர்புரத்தில் எங்கள் கேட்டுக்கு எதிரே கேமராவும் கையுமாக ஒருவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது எங்கள் வீட்டுக்கும் முறை வந்துவிட்டது என்று நினைத்தேன். அதைக் காட்டிக்கொள்ளாமல், "யார் வேணும்?" என்று அதட்டலாகவே கேட்டேன்.

சென்னையிலிருந்து வருகிறாராம். நம் ஊர்களில் ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால் கட்டிய காங்கிரீட் வீடுகளைப் படம் பிடித்துப் புத்தகமாகப் போடுகிறாராம். வேறொரு ஊரைப் பற்றி ஏற்கெனவே போட்ட புத்தகத்தைச் சாட்சி மாதிரி என் கையில் வைத்தார். அம்மிக்கல் கனம். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். வளைந்த போர்ட்டிகோ, மாடிப்படி, சுவரில் விழுந்த நிழல். படங்கள் நன்றாகத்தான் இருந்தன, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒன்றிலும் ஆள் இல்லை. கொடியில் ஒரு துண்டுகூடக் காயவில்லை.

"இந்த வீட்டுலல்லாம் ஆள் இருக்காங்களா?"

"சிலது இப்ப இல்ல மேடம். இடிச்சிட்டாங்க."

"நீங்க எடுத்த பெறகு இடிச்சாங்களா? இல்ல, இடிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சு போய் எடுத்தீங்களா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஊர் வரலாறு என்று நானும் சில புத்தகங்கள் வாங்கி வைத்திருக்கிறேன். எதை எடுத்தாலும் முத்துக்குளிப்பில் தொடங்கும், போர்ச்சுக்கீசியர் வருவார்கள், டச்சுக்காரர் வருவார்கள், கப்பல் ஓடும், கடைசியில் உப்பளத்தில் போய் நிற்கும். நாங்கள் குடியிருக்கிற வீடுகளுக்கு அதில் ஒரு வரி கிடையாது. புதுத் துறைமுகம் கட்டிய காலத்தில் அங்கே வேலை பார்த்த ஒரு எஞ்சினியரைப் பிடித்து அப்பா கட்டிய வீடு இது. கப்பலில் இருப்பதுபோல வட்ட ஜன்னல்கள், போர்ட்டிகோவுக்கு மேலே முக்கோணமாக ஒரு மாடம், அதற்குள் கண்ணாடிப் பெட்டியில் மாதா சுரூபம். இதைப் பார்க்கவா ஒருவர் சென்னையிலிருந்து ரயிலேறி வருவார்?

"இங்கன இப்படி ஒரு வீடு இருக்குன்னு ஒங்களுக்கு யார் சொன்னது?"

போனை எடுத்துக் காட்டினார். புது வீட்டைப் பங்குச் சாமியார் மந்திரித்துத் திறந்துவைத்த அன்று எடுத்த படம். வாசலில் அப்பா, அம்மா, அண்ணன், கவுன் போட்ட நான். அந்தப் படம் எங்கள் வீட்டில்கூட இல்லை. மும்பையில் அண்ணனிடம் மட்டும்தான் இருக்கிறது. "ஒருத்தர் மெயில்ல அனுப்பினார் மேடம், பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார்" என்றார் வந்தவர். அந்த ஒருத்தர் யார் என்று எனக்குச் சொல்லவும் வேண்டுமா!

இந்த வீடு அண்ணனுக்கும் எனக்கும் பொது. அப்பா யாருக்கு என்று எழுதாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். கல்யாணம் காட்சி என்று எனக்கு ஒன்றும் அமையவில்லை, போவதற்கு வேறு இடமும் இல்லை. அண்ணன் கப்பல் வேலையை முடித்து மும்பையிலேயே தங்கிவிட்டான். இருபது வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் அடக்கத்துக்கு வந்து போனவன், பிறகு ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் வரும். மழை உண்டா, பிரஷர் மாத்திரை போட்டாயா, அவ்வளவுதான். வீடியோவில் அவனும் கூப்பிடமாட்டான், நானும் கூப்பிடமாட்டேன். எதற்கு அவனுக்கு ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்ட வேண்டும்? என்றைக்காவது ஒரு புரோக்கரோடு வாசலில் வந்து நிற்பான் என்றுதான் நான் இருந்தேன். புரோக்கருக்குப் பதிலாகக் கேமராக்காரன், அவ்வளவுதான் வித்தியாசம் என்று தோன்றியது.

இரண்டு நாள் உள்ளும் வெளியும் படம் எடுத்தவர், மூன்றாம் நாள் மெதுவாகக் கேட்டார். மாடத்தின் வடிவம் முழுசாகத் தெரிய வேண்டும், சுரூபத்தைக் கொஞ்ச நேரம் இறக்கி வைக்கலாமா?

எங்கள் ஆட்களிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பங்களில் வீட்டை விற்றால் முதலில் சுரூபத்தைத்தான் இறக்குவோம். செபம் சொல்லி, புதுத் துணியில் சுற்றி, போகிற வீட்டுக்கு நெஞ்சோடு அணைத்து எடுத்துப் போவோம். வீடு விற்பனைக்கு என்று போர்டு மாட்ட வேண்டியதில்லை. மாடம் காலி என்றால் வீடு போயிற்று.

கோபத்தில் கதவைச் சாத்தியிருப்பேன். அப்போதுதான் வேறு மாதிரி ஒரு யோசனை ஓடியது. சரி, இறக்குவோம். தெருவில் பார்க்கிறவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள், சேதி மும்பைக்குப் போகும். அண்ணன் தன் மனசில் உள்ளதைக் கக்கட்டும்.

ஏணி வைத்து அவர் இறக்கிக் கொடுக்க, புதுத் துண்டில் நானே வாங்கினேன். எதிர்க்கடை அண்ணாச்சி வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தார். "என்னம்மா, மாதாவ எறக்குதிய. வீட்டக் குடுத்தாச்சோ?" ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பின்னால் புத்தகம் வந்தபோது கேமராக்காரர் எங்கள் வீட்டுக்கு முழுப்பக்கம் கொடுத்திருந்தார். படத்தில் காலி மாடத்தைப் பார்த்துவிட்டு, எப்போது விற்றீர்கள் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள்.

நான் நினைத்தபடியே அன்று சாயந்தரம் போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை.

"ஏளா, மாதாவ எறக்கிட்டியாமே. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு ஒனக்குத் தோணலயா?"

"ஆள் அனுப்புனது நீ. கேள்வி எனக்கா?"

"நான் படந்தான அனுப்புனேன். அப்பா கெட்டுன வீடு ஒரு புஸ்தகத்துல இருக்கட்டும்னு அனுப்புனேன்."

"அத எங்கிட்ட சொல்லுததுக்கு என்ன?"

அப்போதுதான் அண்ணன் சொன்னான். "வீட்டப் பத்தி வாயெடுத்தா, வித்துப் பங்கு போடுவோம்னு நீ சொல்லிருவியோன்னு பயம். அதுக்குப் பயந்துதான ஊருக்கே வராம கெடக்கேன். இப்ப நான் வராமலே வெல பேசி முடிச்சிட்ட."

ஒரே வீட்டைத்தான் இரண்டு பேரும் காவல் காத்திருக்கிறோம், நான் அவனிடமிருந்து, அவன் என்னிடமிருந்து. "விக்கல. நானும் அதுக்குத்தான் பயந்துட்டுக் கெடந்தேன்" என்று சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது. அவனும் அழுதான் என்று நினைக்கிறேன். மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

டிக்கெட் கிடைத்த அடுத்த ரயிலில் புறப்பட்டு வந்தான். ஸ்டேஷனில் வாசல் பக்கமாகவே நின்றேன். பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு கிழவர் வந்தார். நடையை வைத்துத்தான் அவன் என்று கண்டுபிடித்தேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தேடிக்கொண்டே வந்தவன், என் முகத்தையும் பார்த்தான். பார்த்துவிட்டு என்னைக் கடந்து போய், இன்னும் தேடிக்கொண்டிருந்தான்.