மூன்றாம் கூடாரத்தின் கால்

பருத்தித்துறைக்குக் கிழக்கே, கடற்கரைக்கு வரும் குடும்பங்களுக்கு நிழல் கூடாரம் வாடகைக்குக் கொடுப்பவர் பஞ்சலிங்கம். அவரிடம் கூடாரத்தைப் பற்றி வாய் தவறி ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அன்றைக்கு நீங்கள் கடலில் குளித்த மாதிரித்தான். அரை மணித்தியாலத்துக்கு விடமாட்டார். நீலத் தறப்பாள் நிழல் தரும், ஆனால் உள்ளே இருக்கிறவரை அவித்துப்போடும் என்பார். மடித்துப் பைக்குள் வைக்கிற கடைக் கூடாரம் சோளகக் காற்று ஒருமுறை செருமினால் போதும், பறந்துவிடும். தடித்த கன்வஸ் துணி, இரும்புக் குழாய்க் கால்கள், முளைக்குப் பதிலாகக் காலடியில் மணல் மூட்டை, காற்றுக்கு முதுகு காட்டும் வாசல். இதுதான் அவர் கண்ட கூடாரம்.

இருபது வருடம் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் பந்தல் போட்டுத் திரிந்த மனிதர். பிறகுதான் சொந்தமாக ஐந்து கூடாரம் தைத்து, வெள்ளை மையால் ஒன்று முதல் ஐந்து வரை இலக்கம் எழுதினார். அவற்றைப் பராமரிக்கிற விதத்தைப் பார்த்தால் கோயில் வாகனம் என்றுதான் நினைப்பீர்கள். பொழுதுபடக் கழற்றி, குழாய்களைப் பிரித்து, நல்ல தண்ணீரில் உட்புறம் கழுவி, தலைகீழாகச் சாத்தி வடியவிட்டு, மூட்டுகளுக்கு எண்ணெய் பூசுவார். உப்பு குழாயை உள்ளே இருந்துதான் தின்னும் என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தவரும் அவர்தான். அதனால்தான் நடந்ததை மன்னிக்க முடியவில்லை, அவராலும்.

போன ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த வெளிநாட்டுச் சனம் கடற்கரையையும் நிறைத்துவிட்டது. அதே நேரம் வீட்டுக் கிணறு உவர்ப்பாகிவிட, குடிக்கவும் சமைக்கவும் பவுசர் வண்டியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீரில் குழாய் கழுவக் கேட்டால் மனைவி பராசக்தி என்ன சொல்லுவாள் என்று அவருக்குத் தெரியும். கேட்கவில்லை. இரண்டு கிழமை ஐந்து கூடாரங்களும் கழுவாமலே நின்றன. ஒருநாள் காலை, மூன்றாம் கூடாரத்தின் முன்கால் ஒன்று மணலுக்குச் சற்று மேலே பொருமியிருப்பதைக் கண்டார். சுத்தியலால் மெல்லத் தட்டினார். சத்தம் சரியில்லை. அந்தக் காலை மாற்றும்வரை கூடாரத்தை எடுத்து வைத்திருக்கவேண்டும். பஞ்சலிங்கம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதற்குச் சில்வர் பெயின்ற் அடித்தார்.

அடுத்த நாள் மூன்றாம் கூடாரம் தர்சிகா குடும்பத்துக்கு. கனடாவில் இருந்தபடியே வட்ஸ்அப்பில் பதிவுசெய்த பெண். அவளுடைய படம் இருக்கவேண்டிய இடத்தில் ஏழு மாதக் குழந்தை ஒன்று பொக்கை வாயால் சிரித்துக்கொண்டிருந்தது. கணவன் சுபாஸ்கரனோடும் குழந்தையோடும் வந்தாள். கூடவே கோப்பாயில் தனியாக இருக்கும் அவளுடைய அக்கா சிவகௌரி. தாய் தகப்பனைக் கடைசிவரை பார்த்து, தனக்கென்று ஒன்றும் பாராமல் நாற்பத்திரண்டு வயதாகிவிட்டவள். அன்று குழந்தை அவள் இடுப்பை விட்டு இறங்கவில்லை. அவளும் இறக்கவில்லை.

குழந்தைக்கு நித்திரை வந்தது. சிவகௌரி பையில் இருந்து பழைய பருத்திச் சேலை ஒன்றை எடுத்தாள். ஏணை கட்டாமல் எங்கள் ஊரில் எந்தக் குழந்தை உறங்கியிருக்கிறது? ஆனாலும் அவள் பொறுப்பானவள். அந்த வழியாக மணல் மூட்டையைச் சுமந்துகொண்டு போன பஞ்சலிங்கத்தை நிறுத்தினாள்.

“அண்ணை, உந்தக் குறுக்குக் குழாயிலை ஏணை கட்டலாமோ? தாங்குமோ?”

கூடாரத்தில் துவாய்கூடத் தொங்கவிடக் கூடாது என்பது அவருடைய சட்டம். ஏணை கட்டக் கேட்பவர்களுக்கு நிழலில் பாய் விரித்துக் கொடுப்பார். அன்றைக்கு ‘வேண்டாம்’ என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள், கேட்டால் கண் அந்தப் புதுப் பெயின்றுக்குப் போகும் என்று நினைத்தார்.

“ஓம், ஓம். ஆனையைக் கட்டினாலும் தாங்கும்,” என்றார்.

கால் மணித்தியாலம் போயிருக்கும். பொருமிய இடத்தில் கால் முறிந்தது. குறுக்குக் குழாய் ஏணையோடு கீழே வந்தது. குழந்தை வீரிட்டதைக் கேட்டு முதலில் ஓடியவர் பஞ்சலிங்கம். ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடித்தவரும் அவர். தோள்பட்டை எலும்பு வெடித்திருக்கிறது, சின்னப் பிள்ளை என்றபடியால் கெதியாகப் பொருந்திவிடும் என்று டொக்டர் சொன்னார். பொருந்தியும்விட்டது.

பொருந்தாதது ஆஸ்பத்திரி விறாந்தையில் நடந்ததுதான். கூடாரத்தில் யாராவது ஏணை கட்டுவார்களா என்று தர்சிகா அழுதழுது அக்காவைத் திட்டினாள். கேட்டுவிட்டுத்தான் கட்டியதாகச் சிவகௌரி சொன்னாள். சுபாஸ்கரன் பஞ்சலிங்கத்தின் பக்கம் திரும்பி, இவ உங்களைக் கேட்டவவோ என்று நேராகவே கேட்டான்.

“எனக்கு ஞாபகமில்லைத் தம்பி. சனத்துக்குள்ளை கவனிக்கேல்லை,” என்றார் பஞ்சலிங்கம்.

வாய் கூசாமல் சொன்னார். சிவகௌரி வாதாடவில்லை. அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மூன்றாம் கூடாரத்தை அவர் விரிக்கவில்லை. முறிந்த காலைப் பழைய இரும்போடு போடவும் மனம் வரவில்லை; கிணற்றடிச் சுவரோடு சாத்தி வைத்திருந்தார். குளிக்கும்போதெல்லாம் அது முன்னால் நிற்கும். போனைத் திறந்தால் அந்தப் பொக்கை வாய் சிரிக்கும். மற்ற நாலு கூடாரங்களின் கால்களையும் மாற்றினார். பவுசர் தண்ணீரிலேயே கழுவினார், பராசக்தியின் ஏச்சையும் வாங்கிக்கொண்டு. என்ன கழுவி என்ன? குற்றவாளி தான்தான் என்பது அவருக்குச் சோறு தின்னும்போதும் தெரிந்தது.

ஐப்பசியில், கோப்பாயில் இருந்து வந்த குடும்பம் ஒன்று கதையோடு கதையாகச் சொன்னது. சிவகௌரியின் தங்கச்சிக்காரி அக்காவோடு முகம் கொடுத்துக் கதைக்காமலே விமானம் ஏறிவிட்டாளாம். அக்கா போன் அடித்தாலும் தூக்குவதில்லையாம். ‘பிள்ளை விழுந்ததைக்கூட மறந்திடுவன், கேட்டனான் எண்டு பொய் சொன்னதை மறக்கமாட்டன்’ என்றாளாம்.

பஞ்சலிங்கம் அன்று வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் பராசக்தியிடம் கொட்டினார். இவ்வளவு நாளும் உந்த வாய் எங்கே போனது என்று மட்டும் அவள் கேட்டாள். மறுநாள் பின்னேரம் முறிந்த காலின் அடித்துண்டை அறுத்து, பேப்பரில் சுற்றி, யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினார். வழியில் வல்லை வெளியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒருமுறை யோசித்தார். கோப்பாய் வரைக்கும் அந்த யோசனை கூடவே வந்தது.

விசாரித்துப் போன வீட்டில் சிவகௌரி கிணற்றடியில் துணி அலம்பிக்கொண்டிருந்தாள். ஆளை உடனே அடையாளம் கண்டாள். இருங்கோ என்று சொல்லவில்லை. அவர் பேப்பரை விரித்ததும், கூட்டித் துப்புரவாக இருந்த முற்றத்தில் துருச் செதில்கள் கொட்டின. கழுவாமல் விட்டது, பெயின்ற் அடித்தது, ஆஸ்பத்திரியில் பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் குறைந்தது. அவ்வளவு சுலபமாகத் தப்பிவிடலாம் என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார்.

“இதை ஏன் அண்ணை எனக்குச் சொல்லுறியள்? நான் கேட்டனான் எண்டு எனக்குத் தெரியும்தானே,” என்றாள் சிவகௌரி. “என்ரை போனை அவள் எடுக்கிறாளில்லை. உங்கடை போனிலை அவளின்ரை நம்பர் இருக்கு.”

இருந்தது. இரண்டு மாதமாக இருந்தது. ஒரு விரல் தட்டுக்குத்தான் இந்த இரண்டு மாதமும் அவர் பயந்துகிடந்திருக்கிறார். கனடாவில் விடிந்திருக்குமோ என்று முணுமுணுத்தார். விடிஞ்சிருக்கும் என்றாள் அவள்.

தர்சிகாவை அழைத்தார்; நாலாவது தரம் மணி அடித்ததும் எடுத்தாள். ஆரென்று கேட்டாள்.

“கூடாரக்காரன் கதைக்கிறன், தங்கச்சி. அக்கா அண்டைக்கு என்னைக் கேட்டவ. நான்தான் கட்டச் சொன்னனான். கால் துருப்பிடிச்சது தெரிஞ்சுகொண்டு சொன்னனான். ஆஸ்பத்திரியிலை சொன்னது பொய்.”

ஏச்சு வரும் என்று காத்திருந்தார், வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். கடைசியில், அக்கா பக்கத்தில் நிற்கிறாவோ என்று அவள் கேட்டாள்.

“ஓம்,” என்றார் பஞ்சலிங்கம், போனை நீட்டியபடி.

சிவகௌரி ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள். துடைத்த கையைத் திரும்பவும் துடைத்தாள். போனை வாங்கவில்லை.

“பிள்ளை பிடிச்சு எழும்பி நிக்கிறானோ எண்டு கேளுங்கோ,” என்றாள்.