பல் டாக்டரின் விமானத்துக்குத் துணி போர்த்தியவள்

சோபா கடையில் இருபது வருடமாக அவளுக்குக் குண்டூசி என்றுதான் பெயர். உதடுகளுக்கு நடுவே நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே தைப்பாள். அப்படியே ஊர்வம்பும் பேசுவாள். அவளையே வாயடைத்துப் போகவைத்தவர் ஒருவர் உண்டு, பல் டாக்டர். கடைவாய்ப்பல் வலி தாங்காமல் போனவளின் வாயில் பஞ்சைத் திணித்துவிட்டு, வீட்டுக் கார் கொட்டகையில் தான் கட்டிவரும் இரண்டு பேர் விமானத்தைப் பற்றி அரைமணி நேரம் பொழிந்து தள்ளினார்.

"உடம்புக்கூடு தயார். மேல துணி போர்த்தணும். நான் தொட்டா ஒரே சுருக்கம். நீங்க சோபா தைக்கிறவங்கதானே?"

பஞ்சை எடுத்ததும் அவள் கேட்டாள்: "துணியை நம்பியா மேல போறீங்க?"

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தாள். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த நீளக் கூடு, சதையெல்லாம் தின்றுவிட்ட மீன் போல மரத் தாங்கிகள்மேல் கிடந்தது. முன்னால் இரண்டு இருக்கைகள், கால் மிதிகள். மிதிகளிலிருந்து வால்வரை மெல்லிய கம்பி வடங்கள் ஓடின. அவள் ஏறி உட்கார்ந்து பார்த்தாள்.

"பக்கத்து சீட்டு உங்க வீட்டம்மாவுக்கா?"

"அவ ஏறமாட்டாளாம். கடிதமே எழுதிக் கொடுத்துட்டா."

சிரித்த சிரிப்பிலேயே வேலைக்கு ஒப்புக்கொண்டாள். ஐந்து ஞாயிறுகள் ஆயின. துணியைக் குழாய்களில் பசை போட்டு ஒட்டி, ஓரம் மடித்து, தைக்க வேண்டிய இடத்தில் வளைந்த ஊசியால் தைத்து, மேலே இஸ்திரிப் பெட்டியை மெல்ல ஓட்டினாள். தொளதொளவென்று கிடந்த துணி சூட்டில் சுருங்கி மத்தளமாக விறைத்தது. சுண்டினால் 'டும்' என்றது. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சுண்டச் சொன்னார்.

விமானத்தைச் சோதித்துப் பறக்க அனுமதி தரும் ஆய்வாளர் வரவிருந்த நாளுக்கு முந்தின நாள், கூட்டை நகர்த்த இருவரும் வாலைத் தூக்கினார்கள். உள்ளே ஏதோ 'கிணிங்' என்று உருண்டது. டாக்டர் கவனிக்கவில்லை. அவள் பையைக் கொட்டிப் பார்த்தாள். வளைந்த ஊசியைக் காணோம்.

"டாக்டர், என் ஊசி உள்ள விழுந்திருக்கு. துணியை வெட்டணும்."

"ஐயையோ! ஒரு ஊசிதானே, கிடந்துட்டுப் போகட்டும்."

"அது வடத்துல சிக்கி வால் திரும்பலைன்னா? மேலேருந்து எனக்கு போன் போடுவீங்களா?"

அவரே கத்தியை எடுத்து நீட்டினார். தான் இழைத்து இழைத்து விறைக்கவைத்த துணியில் கத்தியை வைக்கும்போது அவளுக்குக் கண் கலங்கியது. கீறலுக்குள் கையை விட்டுத் துழாவினாள். வடத்தை ஒட்டினாற்போல் கிடந்ததை வெளியே எடுத்தாள். நீளக் காம்பின் நுனியில் வட்டக் கண்ணாடி, பல் பார்க்கும் கண்ணாடி!

டாக்டரின் முகம் சுண்டைக்காயாகச் சுருங்கியது. "பற்றவச்ச இடத்துக்கு அடிப்பக்கம் பார்க்கறதுக்காக எடுத்துட்டு வந்தேன். மூணு வாரமா தேடறேன்."

"இங்கதானே விட்டீங்க? எந்தப் புண்ணியவான் வாயிலயும் விடலையே!"

ஊசியோ, அவள் பையின் கிழிந்த உள்துணிக்குள் சொகுசாக உறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஆய்வாளரின் கண் நேராக, கீறலின்மேல் அவள் போட்டிருந்த ஒட்டுத்துணியில்தான் விழுந்தது. டாக்டர் மென்று விழுங்கினார். அவளோ நடந்ததை ஒன்று விடாமல் ஒப்பித்தாள். ஆய்வாளர் சிரிக்கவில்லை, வாலை அசைத்துப் பார்த்தார், வடங்களை இழுத்துப் பார்த்தார்.

"ஒட்டுப் போட்ட இடத்துல கை நுழையற மாதிரி ஒரு மூடி வச்சிடுங்க. மத்ததெல்லாம் சரி. அடுத்த மாசம் இன்னொருத்தர் விமானத்துக்குத் துணி போர்த்தணும். வருவீங்களாம்மா?"

மூன்று மாதம் கழித்து, டாக்டர் பலமுறை தனியே பறந்து பழகிய பிறகு, அவளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். இறங்கி வந்தவளின் தலைமுடி கலைந்திருந்தது, கன்னம் சிவந்திருந்தது. வேலியோரம் கைகட்டி நின்ற புருஷனிடம் நேரே போனாள்.

"அடுத்தது நீங்க."

"எனக்கெதுக்குடி? நான் தரையிலயே நல்லாத்தானே இருக்கேன்?"

"நான் தைச்சதுங்க. ஏறுங்க."

கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் ஏறினார். கொஞ்ச நேரத்தில் விமானம் தலைக்கு மேலே வட்டமடித்தபோது, ஜன்னலில் ஒரு கை பலமாக ஆடுவது தெரிந்தது.