கல்பெட்டிச் சுவரின் சந்துகள்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. நண்டு எடுக்க வரும் வியாபாரி சிரித்துப் பேசினால் முதலில் அவருடைய தராசைத்தான் பார்ப்பேன். எங்கள் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்கரையைக் காப்பாற்றுகிறேன் என்று மீஞ்சூரிலிருந்து ஒரு சூப்பர்வைசர் வந்தபோதும், இவருக்கு இதில் என்ன கிடைக்கும் என்றுதான் யோசித்தேன்.

கரை மோசமாக இருந்தது உண்மை. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் சரிந்து, வீட்டுக்கும் சரிவுக்கும் நடுவில் நாலடிதான் மிச்சம். இன்னொரு பெருமழை வந்தால் அடுப்பு ஏரியில் கிடக்கும்.

அவர் இறக்கியவை கம்பி வலையில் செய்த பெட்டிகள். அவற்றில் கருங்கல்லை அடுக்கி, மூடியைக் கம்பியால் கட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் அதுதான் சுவராம். மண் அரித்து வராமல் பின்பக்கம் ஒரு துணி. சிமெண்ட் சுவரைவிடச் செலவு குறைவு என்றார். அதைக் கேட்டதும் என் சந்தேகம் கூடியது.

"இன்னா சார், சொவுருன்றீங்க, கை உள்ள போவுது?"

மண்ணில் இறங்கும் தண்ணீர் கல்லுக்கு நடுவில் இருக்கும் அந்தச் சந்து வழியாக வெளியே வரவேண்டும், அடைபட்டால் அது சுவரையே தள்ளிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். அவ்வளவு பொறுமை எனக்குப் பிடிக்கவில்லை.

நான் படகுக்காரர் வீட்டில் பிறந்தவள். ஓட்டையைக் கண்டால் அடைக்காமல் கை நிற்காது. வேலை முடிந்து அவர்கள் போன மறுநாள், படகில் அடைக்கிற மாதிரியே பழைய வலைக் கந்தலை என் வீட்டுப் பக்கத்துச் சந்துகளில் திணித்து, மேலே சிமெண்ட் பூசினேன். யார் கண்ணிலும் படாமலிருக்க அதன்மேல் வலையைக் காயப்போட்டேன்.

மழை மூன்று நாள் விடவில்லை. பக்கத்து வீடுகளுக்குப் பின்னால் கல்லிடுக்கில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது, சுவர் அசையவில்லை. என் பக்கம் ஒரு சொட்டு வரவில்லை. அதைப் பெருமையாகக்கூட நினைத்தேன். நாலாம் நாள் காலையில் சமையலறைத் தரை ஊறி, மூலையில் விரல் நுழையும் விரிசல். வெளியே போய்ப் பார்த்தால் கல்சுவர் வயிறு தள்ளி நின்றது.

சூப்பர்வைசர், பெட்டி மூடிகளைக் கம்பியால் கட்டிய கூலிப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தார். கட்டு சரியில்லை, நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்று என் முன்னாலேயே அவளிடம் சொன்னார். அவள் தான் கட்டிய முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே தன் கைமேல் சந்தேகம் வந்துவிட்டது.

வலையை இழுத்துக் கீழே போட்டேன்.

"அந்தப் பொண்ண இன்னாத்துக்கு சொல்றீங்க சார்? சிமெண்ட்டு பூசனது நானு."

அவர்களிடமே சுத்தியலும் உளியும் வாங்கி, பூசிய சிமெண்டை நானே பெயர்த்தேன். கந்தலை உருவ உருவக் கலங்கல் தண்ணீர் பீறிட்டு என் புடவையை நனைத்தது. சாயங்காலத்துக்குள் தரை ஊறுவது நின்றது. சமையலறை தப்பித்தது.

எல்லாம் எடுத்தாயிற்று என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். பிறகு ஒவ்வொரு சந்திலும் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.