பஸ்ஸை விட்டு இறங்காதவர்கள்

சவூதியின் ஜுபைலில் அந்தக் காலையை நினைத்தால் முதலில் வருவது, இன்ஜின் ஓடிக்கொண்டே நின்ற ஒரு பஸ். சைட் வாசலில் கதவு திறந்திருந்தது. உள்ளே எங்கள் கான்ட்ராக்ட் ஆட்கள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். கேம்பிலேயே படுத்திருந்தால் அது ஸ்டிரைக், போலீஸ் வரும். டியூட்டி பஸ்ஸில் ஏறிவந்து இறங்காமல் இருப்பதற்கு என்ன பெயர் என்று மேனேஜருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தமிழ் தெரியும் என்ற ஒரே தகுதிக்காக, ஸ்டோர் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த என்னை உள்ளே ஏற்றிவிட்டார். தொழிலாளர் போராட்டம் பற்றி நான் வாசித்த தடித்த புத்தகங்கள் எதிலும் ஏ.சி. பஸ் வந்ததில்லை.

விருதுநகர்க்கார வெல்டர் ஒருவரின் அப்பா ஆஸ்பத்திரியில் கடைசிக் கட்டத்தில் இருந்தார். வேலை முடியும்வரை யாருக்கும் லீவு கிடையாது என்றது கம்பெனி. எல்லாருடைய பாஸ்போர்ட்டும் ஆபீஸ் பெட்டகத்தில். கஃபீல் என்கிற விசா முதலாளியின் கையெழுத்தில்லாமல் யாரும் நாட்டைவிட்டு வெளியேற முடியாது.

பேசியவர் ஃபோர்மன் அண்ணன் மட்டும். ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்து வழக்கப்படி கேம்பை லயம் என்பார், மேனேஜரைத் தொரை என்பார். அதை நகைச்சுவை என்று எண்ணி நான் சிரித்து வந்திருக்கிறேன்.

"தொரைகிட்ட சொல்லுங்க சார். இவன ஊருக்கு அனுப்பட்டும், நாங்க எறங்குறோம்."

தலைவரைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தியில் மேனேஜர் தண்டனை அறிவித்தார். ஃபோர்மனுக்கு ஃபைனல் எக்ஸிட், இன்றே விமானம், கலாஸ். ஊருக்குப் போக விடுங்கள் என்று கேட்டால், ஊருக்கு அனுப்புவதுதான் தண்டனை. மொழிபெயர்க்கும்போது எனக்கே தலை சுற்றியது.

அண்ணன் அசையவில்லை. "எனக்கு அவசரமில்ல சார். சாகக் கெடக்குறது இவங்கப்பா. இவனையும் சேத்து அனுப்புங்க, இல்லாட்டி நானும் எறங்க மாட்டேன்."

"அண்ணே, ஒங்க வேல போயிரும்ணே" என்றார் வெல்டர்.

"வாய மூடிக்கிட்டுப் பேக்க எடுடா."

மணிக்கணக்கில் வாடகை ஏறும் கிரேன் சும்மா நின்றுகொண்டிருந்தது. மேனேஜர் கையெழுத்துப் போட்டார். வெல்டருக்கு லீவு, அண்ணனுக்கு மறுபடி வரவே முடியாத முத்திரை. மற்றவர்கள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினார்கள். வெல்டர் அப்பாவை உயிரோடு பார்த்தார். வென்றது யார் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இப்போது சட்டம் மாறிவிட்டது, பாஸ்போர்ட் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. ஆனாலும் லீவு கேட்கப் போகும் அன்று இஸ்திரி போட்ட சட்டையாகத் தேடுகிறேன். அது ஏனென்றும் புரியவில்லை.

அன்று ஏர்போர்ட் காரில் ஏறும்முன் அண்ணன் என்னிடம் கேட்டார்: "சார், ஒங்க பாஸ்போட்டு யாருகிட்ட இருக்கு?"

என்ன சொல்கிறான் என்றார் மேனேஜர்.

போய் வருகிறேன் என்கிறார் என்றேன்.